தலைவாசல் சாவியும் நரம்பு மாத்திரையும்

ஜீப் ஓட்டும்போது எனக்கு வலிப்பு வந்தால், இடுப்பில் கட்டியிருக்கும் இரும்புச் சாவி அதை அங்கேயே நிறுத்திவிடும் என்று பன்னிரண்டு நாட்கள் முழுதாக நம்பியவன் நான். எனக்கு வலிப்பு நோயே கிடையாது என்பது வேறு விஷயம். அந்தச் சாவி எங்கள் பழைய வீட்டுத் தலைவாசலுக்கு உரியது. ஒரு சாண் நீளம் இருக்கும். கையில் எடுத்தால் சின்ன உலக்கை மாதிரி கனக்கும். கதவைக் கரையான் தின்று, நிலையோடு பெயர்த்து வேறு கதவு வைத்த பிறகும் சாவி மட்டும் சுவரில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அரைஞாண் கயிற்றில் முடிந்து, கைலிக்குள் செருகி, மேலே காக்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தினமும் காலையில் பதினொரு பெண்களை ஏற்றிக்கொண்டு ஏலமலைக்கு வண்டி ஓட்டினேன். ஒவ்வொரு பள்ளத்திலும் சாவி தொடையில் இடிக்கும். இடிக்கும்போதெல்லாம் ஒரு தைரியம்.

எங்கள் பக்கத்தில் யாராவது வலிப்பு வந்து தெருவில் விழுந்தால், சுற்றி நிற்பவர்கள் வாயிலிருந்து முதலில் வருவது "இரும்பக் கொண்டா!" என்ற சத்தம்தான். நாலு பேர் நாலு திசையில் ஓடுவார்கள். சாவிக்கொத்து, அரிவாள், அடுப்பூதும் குழல் என்று கைக்கு அகப்பட்டதைக் கொண்டுவந்து விழுந்தவர் கையில் திணிப்பார்கள். சிறிது நேரத்தில் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். இரும்புக்குப் பெயர் கிடைக்கும். வலிப்பு தானாக அடங்குகிற நேரமும், நாலு வீடு ஓடிச் சாவி தேடிக்கொண்டு வருகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் கட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பயந்தவனுக்கு ஏதாவது ஒன்று இடுப்பில் இருக்க வேண்டும்.

இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் மதினியின் முகம்தான் வரும். ரத்த உறவில் மதினி அல்ல. ராசிங்காபுரத்தில் அவர் வாழ்க்கைப்பட்டு வந்த வீடும் எங்கள் வீடும் ஒரே தெரு. அவர் கணவர் எனக்கு அண்ணன் முறை. அதனால் அவர் மதினி, நான் கொழுந்தன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு முப்பத்து நாலு வயது இருக்கும்போது, எங்கள் ஊரிலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களுக்கு அவர்தான் தலைவி. யார் வருவது, யார் எந்தச் சரிவில் எடுப்பது, யார் இன்றைக்கு வீட்டில் கிடக்கலாம் என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல். எந்த ஜீப்பில் ஏறுவது என்பதும் அவர் வாய்ச்சொல்தான். எனக்கு அதுதான் முக்கியம். ஏனென்றால் என் ஜீப்புக்குப் பின்னால் இன்னொரு ஜீப் எப்போதும் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.

மதினிக்கு முன்சீட்டு. இடுப்பில் வெற்றிலைப் பை, மடியில் தூக்குச்சட்டி, கையில் அட்டைப்பூச்சிக்கு வைக்கிற சுண்ணாம்பு டப்பா. அவர் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் ஏறுவார்கள். வண்டிக்குள் அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. "மேல ஏறுறப்ப நீ பேசு கொழுந்தா, நாங்க கேக்குறோம். கீழ எறங்குறப்ப நாங்க பேசுறோம், நீ வாயத் தொறக்காத." இறக்கத்தில் டிரைவர் சிரித்தால் பிரேக்கும் சிரிக்கும் என்பது அவர் எண்ணம். நான் ஏற்றத்திலேயே இரண்டு வேளைக்கும் சேர்த்துப் பேசித் தீர்த்துவிடுவேன். போடி தாண்டி, முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி முனகிக்கொண்டு ஏறும்போது பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தத்தில் என்ஜின் சத்தம் கேட்காது. அப்படி ஒரு நாள் பேசிக்கொண்டே போனபோதுதான் அது வந்தது.

ஆடி மாதம். மூன்றாவது வளைவில் திரும்பும்போது மலைக்காற்று வலது கன்னத்தில் பட்டது. அவ்வளவுதான். பேட்டரியின் இரண்டு ஒயரையும் யாரோ என் கடைவாய்ப் பல்லில் வைத்து உரசினாற்போல ஒரு பொறி. கன்னத்தில் தொடங்கி, மூக்கோரம் போய், கண்ணுக்குக் கீழே நின்றது. எண்ணிப் பத்து நொடி இருக்காது. போய்விட்டது. போன பிறகு ஒன்றும் இல்லை, தடவிப் பார்த்தால் கன்னம் கன்னமாகவே இருந்தது. பாதியில் நின்றுபோன கதையை மதினி "மேல சொல்லு" என்றார். வாயைத் திறந்தேன். திரும்பவும் பொறி.

அதிலிருந்து வரிசையாக. சோற்றைக் கடித்தால், டீயை உறிஞ்சினால், முகம் கழுவினால், ஷேவிங் பிரஷ் பட்டால், சில நேரம் ஈ உட்கார்ந்தாலே. சொத்தைப் பல் என்று நானே முடிவு கட்டி, பல் பிடுங்குகிற ஒருவரிடம் போய், இதுதான் என்று விரல் வைத்துக் காட்டினேன். அவர் பாவம், பார்க்க நல்லாத்தானே இருக்கு என்று இரண்டு தடவை கேட்டார். நான் பிடிவாதமாக இருந்தேன். பல் போனது, வலி போகவில்லை. அடுத்த வாரம் பக்கத்துப் பல்லைக் காட்டினேன். அதுவும் போனது. மூன்றாவதைக் காட்டப் போனபோது அவரே கையெடுத்துக் கும்பிட்டு, பெரிய டாக்டரைப் போய்ப் பார் என்று அனுப்பிவிட்டார்.

அதற்குள் என் கோலம் ஊர் சிரிக்கிற அளவுக்கு ஆகியிருந்தது. காற்றுப் படாமல் இருக்கத் துண்டால் தலையையும் கன்னத்தையும் சேர்த்துக் கட்டியிருந்தேன். வலது பக்கம் சவரம் செய்ய முடியாததால் இடது பக்கம் மட்டும் மழித்திருந்தேன். காலையில் வண்டியில் ஏற வந்த மதினி ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்று பார்த்தார்.

"ஏ கொழுந்தா, எடப்பக்கம் மாப்ள, வலப்பக்கம் சாமியாரு. எந்தப் பக்கத்துக்குச் சோறு போடுறதுன்னு ஒம் பொண்டாட்டி குழம்பிப் போக மாட்டாளா?"

பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள், "முக்காடப் பாருங்கக்கா, புதுப்பொண்ணு தோத்துச்சு."

சிரித்தேன். சிரித்ததற்கும் பொறி வந்தது.

போடியில் அந்த டாக்டரிடம் கூட்டம் அதிகம். வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாக எழுதுவார். என் வாயைத் திறந்து பார்த்தார், பல்லைத் தட்டினார், பிறகு ஒரு துளிப் பஞ்சை எடுத்துக் கன்னத்தில் மெல்லத் தொட்டார். நான் நாற்காலியோடு பின்னால் போனேன். "சரிதான்" என்று சந்தோஷமாகத் தலையாட்டினார். முகத்துக்கு வருகிற நரம்பு, பல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, இதற்கென்று மாத்திரை இருக்கிறது என்று என்னென்னவோ சொன்னார். என் கவனமெல்லாம் தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியில் இருந்தது. அது என் பக்கம் காற்றை அனுப்பினால் என்ன செய்வது என்ற யோசனை. கடைசியில் காதில் விழுந்தது மூன்று. காலையில் பாதி மாத்திரை, ராத்திரி பாதி மாத்திரை. பத்தாம் நாள் வந்து என்னைப் பார். அதுவரைக்கும் வண்டியைத் தொடாதே.

சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிச் சீட்டைப் படித்தார். அலமாரியின் மேல் தட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். கத்தரித்து உறையில் போட்டுக்கொண்டே, ஊர் நிலவரம் விசாரிப்பதுபோலக் கேட்டார்.

"வீட்ல யாருக்கு வலிப்பு?"

"தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு" என்றேன். அவர், "பாத்துக்கங்க, வண்டி கிண்டி ஓட்ட விடாதீங்க" என்று உறையை நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு நான் ஓட்டிக்கொண்டு வந்த ஜீப்புக்கே போய், அதன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அந்த மாத்திரையின் பெயரைத் தடுமாறாமல் சொல்வேன்: கார்பமசெபைன். அப்போது எனக்கு அது வெறும் வலிப்பு மாத்திரை. நான் போட்ட கணக்கு இது. வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரையை எனக்குக் கொடுத்திருக்கிறார். வலிப்புக்காரனுக்குச் சொல்வதுபோல வண்டியைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறார். நோயின் பெயரை மட்டும் என்னிடம் சொல்லவில்லை. நல்ல மனிதர், நேரே சொன்னால் உடைந்துபோவேன் என்று நரம்பு என்று மழுப்பியிருக்கிறார். இத்தனையும் ஒன்றோடொன்று பல்சக்கரம் மாதிரிப் பொருந்தியது. பொருந்தாத ஒன்றே ஒன்று, நான் வாழ்நாளில் ஒரு முறைகூட வலிப்பு வந்து விழுந்ததில்லை என்பது. அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். இனிமேல்தான் வரப்போகிறது.

வலிப்பு என்று வெளியே தெரிந்தால் ஒரு பெண்கூட என் வண்டியில் ஏறமாட்டாள். ஏறவும் கூடாது. இந்த இரண்டாவது வாக்கியத்தை அன்றைக்கு நான் எனக்குள் சொல்லிக்கொள்ளவே இல்லை. காய் எடுப்பு மும்முரமாக இருக்கிற காலம். பத்து நாள் வீட்டில் படுத்தால் அந்த ஹாரன்காரன் பதினொரு பேரையும் அள்ளிக்கொண்டு போய்விடுவான், பிறகு ஜீப்புச் சொந்தக்காரர் எனக்கு என்ன சோலி கொடுப்பார்? அதனால் வண்டியைத் தொடாதே என்றதை மட்டும் விட்டுவிட்டு, மற்றதைக் கடைப்பிடிப்பது என்று முடிவு செய்தேன். கூடவே பாதுகாப்புக்குத் தலைவாசல் சாவி.

மாத்திரை வேலை செய்தது. அதுதான் பெரிய ஆபத்தாகப் போனது. மூன்றாம் நாள் பொறிகள் பாதியாகின. நாலாம் நாள் முகம் கழுவினேன். என் புத்தி உடனே சொன்னது: வலிப்பு மாத்திரைக்குக் கேட்கிறதென்றால் வந்திருப்பது வலிப்புதானே? அப்படியென்றால் பாதி மாத்திரை எந்த மூலைக்கு? மலைப்பாதை, பதினொரு உயிர், பாதி மாத்திரையா? வேளைக்கு ஒரு முழு மாத்திரை ஆக்கினேன். பிறகு மூன்று வேளையும் முழு மாத்திரை ஆக்கினேன். கையிருப்புத் தீர்ந்ததும் அந்தக் கடைக்கே போய், தெரிஞ்சவருக்கு நல்லா இருக்கிறது என்று சொல்லி, இன்னும் இரண்டு அட்டை வாங்கினேன். பத்தாம் நாள் டாக்டரிடம் போகவில்லை. போனால் வாய்விட்டுச் சொல்லிவிடுவாரே என்ற பயம்.

சாவியோ தன் போக்கில் வேறு ஒரு தொல்லையைக் கிளப்பியது. ஒரு நாள் தோட்டத்து வாசலில் வண்டியிலிருந்து குதித்தபோது கைலிக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டது.

"எந்த வீட்டுச் சாவி கொழுந்தனாரே?" என்று மதினி கேட்டார். அவர் "கொழுந்தனாரே" என்று மரியாதை கொடுத்தால் அதில் எப்போதும் ஒரு முள் இருக்கும். "இம்புட்டுப் பெருசா இருக்கே, அரமனையா?"

"அவரு எங்கிட்டோ சின்ன வீடு கட்டிருக்காருக்கா" என்றாள் ஒருத்தி.

"சின்ன வீட்டுக்கா இத்தாம் பெரிய சாவி?"

சேதி எனக்கு முன்னால் ராசிங்காபுரம் போய்ச் சேர்ந்துவிட்டது. சாயங்காலம் என் மனைவி சுவரில் வெறும் ஆணியைக் காட்டி, தலைவாசல் சாவி எங்கே என்றாள். துரு எடுக்கக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கதவே இல்லாத சாவிக்கு எதுக்குத் துரு எடுக்குற?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இருந்தது, குழம்பு இல்லை.

இந்த நாட்களில் எனக்கு ஒரு மிதப்பு வந்திருந்தது. நடந்தால் தரை கொஞ்சம் சாய்ந்திருக்கும். பெண்கள் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். கண் சொக்கும், கன்னத்தில் அறைந்துகொள்வேன், இடது கன்னத்தில்தான். பன்னிரண்டாம் நாள் காலை முந்தல் செக்போஸ்டில் இரண்டு குறுக்குக் கம்பம் தெரிந்தது. புதிதாக ஒன்று போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் திரும்பினேன், இரண்டு மதினி உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மதினிக்கே பதில் சொல்ல முடியாதவன் நான். கண்ணைக் கசக்கினேன், ஒருவர் ஆனார். வண்டியை மேலே விட்டேன்.

பாதி மலையில் ஒரு வளைவு. இடது பக்கம் பாறை, வலது பக்கம் ஒன்றும் இல்லை. மேலிருந்து லாரி ஒன்று லோடோடு இறங்கியது. எனக்கு இரண்டு லாரி. இரண்டும் ஒரே பச்சை நிறம், இரண்டும் ஒரே வேகம், நடுவில் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் வண்டியை விட்டுவிடலாம் என்று என் கை ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கியது. அந்தக் கணத்தைப் பற்றி மட்டும் எனக்கு இன்னும் சிரிக்க வரவில்லை. எது என் காலைப் பிடித்துப் பிரேக்கில் அழுத்தியதோ தெரியாது. வண்டி பாறையை ஒட்டி நின்றது. லாரி, ஒரே ஒரு லாரி, நான் விடப்போன அந்த இடைவெளி வழியாகவே உறுமிக்கொண்டு போனது.

நான் கைலிக்குள் கைவிட்டுச் சாவியைப் பிடுங்கி, இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி உட்கார்ந்தேன். வந்துவிட்டது, இதோ வந்துவிட்டது என்று காத்திருந்தேன். வரவில்லை. மதினி இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லிவிட்டு, என் பக்கம் சுற்றி வந்து நின்றார்.

"என்னய்யா செய்யுது?"

"வலிப்பு மதினி" என்றேன். கண்ணைத் திறக்கவில்லை. "எனக்கு வலிப்பு நோவு. பன்னெண்டு நாளா மாத்திர திங்கிறேன். யார்ட்டயும் சொல்லல."

"எத்தன தடவ விழுந்த?"

"இன்னும் விழல."

"ஒரு தடவகூட?"

"இல்ல மதினி."

அவர் கேட்டார், "விழாத வலிப்பு என்னய்யா வலிப்பு?"

சாவியை ஏன் பிடித்திருக்கிறாய் என்று கேட்டார், சொன்னேன். பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை. அவர் என் கையிலிருந்த சாவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கை விரலால் தட்டிக் காட்டினார். "இது என்ன, கரும்பா? காலைல இருந்து இரும்பத்தானய்யா புடிச்சிக்கிட்டு இருக்க." அப்புறம் குரல் மாறிவிட்டது. "வந்தது வலிப்போ வயித்துவலியோ, அது ஒந் தப்பில்ல. ஓட்டாதன்னு டாக்டரு சொன்னாரா இல்லியா? சொல்லியிருக்காரு. பதினொரு பொம்பளய ஏத்திக்கிட்டு, எங்க யார்ட்டயும் ஒரு வார்த்த சொல்லாம, பன்னெண்டு நாளு. வீட்ல எங்களுக்குப் பிள்ளைக இருக்கா இல்லியா?"

அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பையிலிருந்து புகையிலையைக் கிள்ளுகிறவர் மாதிரி மெதுவாகச் சொன்னார். கன்னத்துப் பொறியெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பின்னால் வந்த தோட்டத்து லாரியை மறித்து மற்றப் பெண்களை மேலே அனுப்பினார். அவர் மட்டும் போகவில்லை. மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு பழக்கப்பட்ட டிரைவரை நிறுத்தி, என் ஜீப்பை ஓட்டச் சொல்லி, என்னைப் பின்சீட்டில் மூட்டை மாதிரி ஏற்றி, நேரே போடிக்கு அந்த டாக்டரிடம் கொண்டுபோய் உட்கார வைத்தார். எனக்குக் கேட்க வராத கேள்விகளையெல்லாம் அவரே கேட்டார்.

"ஏங்கய்யா, இவுகளுக்கு வலிப்புங்களா?"

டாக்டர் என் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "யாரு சொன்னது?"

"மருந்துக்கடையில இது வலிப்பு மாத்திரன்னு சொன்னாகளாம்."

"வலிப்புக்கும் குடுப்போம்மா. இந்த மாதிரி முக நரம்பு வலிக்கும் குடுப்போம். வலிப்புல மூளையில கரண்டு கெளம்பும், இவனுக்கு மூஞ்சிக்கு வர்ற நரம்புல கெளம்புது. அத அமத்துறதுக்கு ரெண்டுக்கும் இந்த மாத்திரதான் கேக்கும்." என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, ஒரே ஸ்பேனர் ரெண்டு எடத்து நட்டுக்குச் சேருது. அதுக்காக ரெண்டும் ஒரே நட்டு ஆயிருமா?"

"அப்ப எதுக்கு வண்டியத் தொடாதன்னீங்க?" என்றேன். என் குரல் எனக்கே குற்றம் சாட்டுவதுபோலக் கேட்டது.

"தூக்கம் வரும், தல கிறுகிறுங்கும், ரெண்டு ரெண்டாத் தெரியும். ஒடம்பு பழகுறவரைக்கும் அப்படித்தான். அதுவும் பாதி மாத்திரைக்கு. நீ எத்தன போடுற?"

சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. வேகமாகப் பேசுகிற மனிதர் என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்கு ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பரிசோதிக்க மேசையில் படுக்கச் சொன்னபோது சாவி கழன்று சிமெண்டுத் தரையில் விழுந்து, வெளியே காத்திருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டது. இது என்ன என்று டாக்டர் கேட்டார். "அது இவுக சொந்த வைத்தியங்கய்யா" என்றார் மதினி. டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

பிறகு எல்லாம் பொறுமையாக நடந்தது. அன்றைய வேளை மாத்திரையை நிறுத்தி, அளவைக் குறைத்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, திரும்பப் பாதியிலிருந்து தொடங்கினார். ஏற்றுவதும் இறக்குவதும் அவர் சொல்லித்தான், நானாக ஒரு துண்டு கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று மதினியைச் சாட்சி வைத்துச் சத்தியம் வாங்கினார். ஏறக்குறைய ஒரு மாதம் வண்டியைத் தொடவில்லை. என் ஜீப்பை வேறொருவர் ஓட்டினார். ஹாரன்காரன் ஒரு நாள் மதினியிடம், வலிப்புக்கார வண்டிக்கு ஏன் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டானாம். "அவருக்கு இருக்குறது பயம். ஒனக்கு இருக்குறது ஹாரன். பயந்தவன் பிரேக்குப் புடிப்பான்" என்று சொல்லி அனுப்பினாராம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. பின்சீட்டுப் பெண்கள் சொன்னார்கள்.

இப்போது எனக்கு ஐம்பத்தைந்து நடக்கிறது. போடியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிற ஜீப் டிரைவர்கள் சட்டைப்பையில் ஏதாவது ஒரு மாத்திரை இருக்கிறது, சர்க்கரைக்கு, அழுத்தத்துக்கு, தூக்கத்துக்கு. இது எதற்கு என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. நீ ஓட்டலாமா என்று டாக்டரிடம் கேட்டாயா என்பேன். அண்ணே, உங்க கதையத் திரும்ப ஆரம்பிச்சிராதீங்க என்று ஓடுகிறார்கள். மதினி மகனோடு திருப்பூர் போய்விட்டார். அங்கே மாடி வீட்டில் மருமகள் அவர் வெற்றிலைப் பையை ஒளித்து வைக்கிறாளாம். விசேஷத்துக்கு வரும்போது எல்லோர் முன்னாலும் என்னை ஒரு மாதிரி பார்த்து, "கொழுந்தனாரே, நல்லா இருக்கீகளா?" என்பார். எனக்கு உடனே வியர்க்கும்.

அந்த ஒரு மாதம் முடிந்து, இனி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னது ஒரு சனிக்கிழமை. பெண்களிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பயந்தவர்களை ஏற்றிக்கொண்டு மலை ஏற முடியாது, பயமுறுத்தியவன் நான்தான். மதினி வீட்டு வாசலில் போய் நின்றேன். "நாளைக்கு ஞாயித்துக்கிழம, தோட்டம் லீவு" என்றார். "ஆள் இல்லாம வண்டியக் கொண்டா. நான் மட்டும் வர்றேன். மேல போயிட்டு வருவோம். அப்பறம் நான் சொல்றேன்."

மறுநாள் அவரும் நானும் மட்டும் போனோம். ஏற்றத்திலும் அன்றைக்கு நான் பேசவில்லை. அவர்தான் பேசினார். எதிரே எது வந்தாலும் ஒரே கேள்வி.

"எத்தன லாரி?"

"ஒண்ணு மதினி."

"அந்தா ரோட்ல, எத்தன மாடு?"

"ரெண்டு."

"ரெண்டா?"

"நெசமாவே ரெண்டு மதினி. ஒண்ணு கன்னுக்குட்டி."

எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். நான் நின்றுபோன அந்த வளைவு வந்தது. கேள்வி இல்லை. கையால் முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். அந்த வளைவைத் தாண்டிய பிறகு, அவருக்கும் அன்றைக்குப் பயம் இருந்தது என்பது எனக்குப் புரிந்தது. பயத்தோடுதான் வந்து உட்கார்ந்திருக்கிறார். போடிமெட்டுக்குப் போய் ஆளுக்கொரு டீ குடித்தோம். காற்று வலது கன்னத்தில் அடித்தது. ஒன்றும் செய்யவில்லை. இறங்கி வந்து ராசிங்காபுரத்தில் அவர் வீட்டு முன்னால் நிறுத்தினேன். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். "காலைல வெரசா வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாத்திரையை இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் கூடவே, டாக்டர் சொன்ன அளவில் சாப்பிட்டேன். அவரே மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார். வலி நடுவில் ஒரு தடவை திரும்பி வந்து, திரும்பப் போனது. வலிப்பு ஒரு நாளும் வரவில்லை. அந்தத் திங்கட்கிழமை காலையில் பதினொரு பேரும் ஏறினார்கள்.